உம்மா என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஐ.சி.ரி படிக்கிற பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் ஆறுதலாக இருந்து வாசித்தால் போதும்.

போன கிழமை உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் பென் ட்ரைவ் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய நானா பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு கொழும்பில் கோர்ஸ் செய்த காலத்தில் எழுதிய பைத்தன் நிரல்கள் அதில் இருந்தன. முதல் ஃபைலை லெப்பில் ஓட்டிப் பார்த்தோம். முதல் வரியிலேயே சிவப்பு எழுத்து. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லையாம். இரண்டாவது ஃபைல் சிவப்பு எதுவும் காட்டாமல் ஓடியது. அதில் பிரிண்டுக்குத் தற்செயலாக அடைப்புக்குறி போட்டிருந்தார். இரண்டு குவிஸ் புள்ளிகளின் சராசரியைக் காணும் நிரல் அது. 7, 8 என்று கொடுத்தால் 7.5 வந்தது. ஆனால் அதே வரிக்குப் பக்கத்தில் நானா குறிப்பாக எழுதி வைத்திருந்த விடை 7.

“நானா பிழையா எழுதியிருக்காரா, டீச்சர்?”

இல்லை, அவர் எழுதியது அன்றைக்குச் சரி, மொழிதான் மாறிவிட்டது என்றோம். அதற்கு அவர் கேட்ட கேள்விக்கு வகுப்பில் முழுசாகப் பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. “ஏன் மாத்தினாங்க? பழசு ஓடுற மாதிரியே வெச்சிட்டு, புதுசை மேலால சேர்க்க ஏலாதா?”

சேர்க்க ஏலும். எங்களுக்கு மிகவும் பழக்கமான ஓர் எழுத்தில் அதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஓதப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அதைக் கையில் வைத்திருக்கிறது.

உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் பிரதி செய்யப்பட்ட முஸ்ஹபுகளில் பத்ஹா, கஸ்ரா, ளம்மா என்ற குறிகள் இல்லை. பே, தே, ஸே மூன்றையும் பிரித்துக் காட்டும் புள்ளிகளும் பெரும்பாலும் இல்லை. சொல்லைக் கேட்டு மனனம் செய்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. இஸ்லாம் அரபு அல்லாதவர்களிடம் பரவியபோது பிழையாக ஓதுவது கூடியது. பஸராவில் அபுல் அஸ்வத் அத்துஅலி (வபாத் ஹிஜ்ரி 69) உயிர் ஓசைகளுக்குப் புள்ளி வைத்தார். மேலே வைத்தால் பத்ஹா, கீழே வைத்தால் கஸ்ரா. முக்கியமான விஷயம் மை. முஸ்ஹபின் மைக்கு மாறான நிறத்தில் அந்தப் புள்ளிகளை இட்டார்கள். எது முதலில் இருந்தது, எது பிறகு வந்தது என்று பார்த்தவுடன் தெரியவேண்டும்.

அடுத்த தலைமுறையில், ஹஜ்ஜாஜின் காலத்தில், பேயையும் தேயையும் பிரிக்கிற புள்ளிகள் வந்தன. இப்போது ஒரே எழுத்தில் இரண்டு வகைப் புள்ளிகள். ஓசைக்கு ஒரு புள்ளி, எழுத்துக்கு ஒரு புள்ளி, நிறம் மட்டும்தான் வித்தியாசம். ஒரே மையில் எழுதினால் குழப்பம். ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் ஓசைப் புள்ளிகளை எடுத்துவிட்டு, இன்று நாம் காண்கிற சிறு கோடுகளையும் குட்டி வாவையும் கொண்டுவந்தார். கவனியுங்கள், அவர் மாற்றியது பின்னால் சேர்த்ததைத்தான். அடியில் இருக்கிற ரஸ்மை, அதாவது மூல எழுத்துருவை, யாரும் தொடவில்லை. பழைய முஸ்ஹபை ஓதப் பழகியவர் புதியதையும் ஓதலாம்.

இதற்கும் எதிர்ப்பு இருந்தது. பிள்ளைகள் படிக்கிற பிரதிகளில் புள்ளி வைப்பதை இமாம் மாலிக் (ரஹ்) அனுமதித்தார்கள், மூல முஸ்ஹபுகளில் வைப்பதை விரும்பவில்லை என்று அறிவிக்கப்படுகிறது. எங்களைப் போன்ற படிப்பிக்கிறவர்களுக்கு அந்தப் பிரிவு நன்றாக விளங்கும். படிக்கிறவனுக்கு ஒரு தேவை, பாதுகாக்கிறவனுக்கு வேறொரு தேவை.

எங்கள் மூத்தவர்கள் அரபுத் தமிழ் எழுதியதும் இதே வழியில்தான். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு, இருக்கிற அரபு எழுத்துகளிலேயே புள்ளியோ குறியோ கூட்டிப் புது எழுத்துகள் செய்தார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு மூத்தம்மாவுக்கு அந்தச் சில எழுத்துகளை மட்டும் படிப்பித்தால் தமிழ் மார்க்க நூல் முழுவதும் திறந்துவிடும். ஏற்கெனவே கற்றது எதுவும் வீண்போகவில்லை.

சரி, பைத்தன்காரர்கள் மட்டும் ஏன் அடித்தளத்தில் கை வைத்தார்கள்?

குய்டோ வான் ரோசம் நெதர்லாந்தில் பைத்தனின் முதல் பதிப்பை வெளியிட்டது 1991 பெப்ரவரியில். உலகத்து எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு எண் கொடுக்கிற யுனிகோட் தரத்தின் முதல் பதிப்பு அதே வருஷம் ஒக்டோபரில் வந்தது. எட்டு மாத இடைவெளிதான். ஆனால் அந்த எட்டு மாதம் பிறகு மிகவும் விலை கூடியதாகப் போயிற்று.

கணினிக்குள் எழுத்து என்று ஒன்றும் இல்லை, எண்தான். 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி பட்டியலில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், குறிகள் எல்லாம் அதில் அடங்கிவிடும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே பழைய பைத்தனில் “வாசகம்” என்பதும் “பைட்டுகளின் வரிசை” என்பதும் ஒரே பொருள். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு அந்த இரண்டும் வேறு என்று எண்ணத் தேவையே வராது.

எங்களுக்குத் தேவை வரும். பழைய பைத்தனிடம் “உம்மா” என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். இன்று பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். உ, ம, புள்ளி, ம, அரவு என்று 5 குறிகள். ஐம்மூன்று பதினைந்து. முதல் எழுத்தை மட்டும் எடு என்றால் உவை மூன்றாக வெட்டி ஒரு துண்டைத் தரும். திரையில் பெட்டியோ கேள்விக்குறியோ தெரியும்.

2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த பைத்தன் 2.0, பழையதை உடைக்காமல் இதைத் தீர்க்கப் பார்த்தது. பழைய வாசகம் அப்படியே இருக்கும், பக்கத்தில் யுனிகோட் வாசகம் என்று ஒரு புது வகை இருக்கும். வேண்டியவர் மேற்கோளுக்கு முன்னால் யூ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். மாணவி கேட்டது போலவே, பழசின் மேலால் புதுசு. ஆனால் இங்கே வேறு நிற மை இல்லாமல் போய்விட்டது. பழைய வாசகத்தையும் புதியதையும் கூட்டினால், பைத்தன் பழையதை ஆஸ்கி என்று தானாகவே ஊகித்து இரண்டையும் சேர்த்துவிடும். இரண்டிலும் ஆங்கிலம் மட்டும் இருந்தால் எல்லாம் சரி. பழைய வாசகத்தில் ஒரு தமிழ் எழுத்து வந்தால் நிரல் அந்த இடத்திலேயே விழும். 128க்குள் இல்லாத எண் வந்துவிட்டது என்று ஒரு முறைப்பாடு வரும்.

இதில் யார் மாட்டினார்கள் என்று பாருங்கள். நிரலை எழுதியவர் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருந்து ஜோன், மேரி என்று பெயர்களைக் கொடுத்துச் சோதிக்கிறார். ஒரு பிழையும் இல்லை. அதே நிரலில் ஒரு ஃபாத்திமா தன் பெயரைத் தமிழில் அடித்தால் விழுகிறது. பிழை எழுதியவர் கண்ணில் படவே படாது. மொழி ஒத்துப்போய்க்கொண்டு இருந்ததாக அவருக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அது ஒருநாளும் ஒழுங்காக ஒத்துப்போனதே இல்லை. பழையதை உடைக்கக்கூடாது என்று பேசும்போது, அந்தப் பழையது யாருக்கு வேலை செய்தது என்பதையும் கேட்கவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

2008 டிசம்பர் 3ஆம் திகதி பைத்தன் 3.0 வந்தது. வாசகம் என்றால் இனி யுனிகோட்தான், பைட் என்பது தனி வகை, இரண்டையும் நீங்களே சொல்லி மாற்றாமல் கூட்ட முடியாது. உடைக்கப்போகிறோம், உடைக்கும் சாட்டோடு மற்றதையும் திருத்துவோம் என்று இன்னும் பலதைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரிண்டுக்கு அடைப்புக்குறி வந்தது அப்போதுதான். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டி எறியும் பழக்கமும் அப்போதுதான் போனது. முன்பு 15ஐ 2ஆல் வகுத்தால் 7. இப்போது 7.5. பழைய மாதிரி வேண்டுமென்றால் இரட்டைச் சரிவுக்கோடு போடவேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எங்களால் முடியாது. பிரிண்ட் மாற்றம் தொல்லை, ஆனால் சத்தம் போடும். எங்கே திருத்தவேண்டும் என்று வரி இலக்கத்தோடு சொல்லும். வகுத்தல் மாற்றம் வாய் திறக்காது. நிரல் ஓடும், விடை மட்டும் வேறாக வரும். நியாயமாகச் சொன்னால் அவர்களும் இதை அறிந்திருந்தார்கள். 2001இல் வந்த 2.2 பதிப்பிலேயே, “எதிர்காலத்திலிருந்து வகுத்தலை இறக்குமதி செய்” என்று ஒரு வரி எழுதினால் அந்த ஃபைலுக்கு மட்டும் புது வகுத்தல் கிடைக்க வழி செய்திருந்தார்கள். பெயரைப் பார்த்துச் சிரிப்பு வரும், ஆனால் நல்ல ஏற்பாடு. விரும்பியவர் முன்கூட்டியே போய்ப் பழகிக்கொள்ளலாம். கோர்ஸ்களில் அந்த வரியைப் படிப்பித்தவர்கள் குறைவு போலும். நானாவின் ஃபைலில் அது இல்லை.

அவர்கள் கணக்குப் பிழைத்த இடம் வேறு. பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தர ஒரு கருவியும் கொடுத்தார்கள். எல்லோரும் ஒருமுறை மாற்றிவிட்டு ஆற்றைக் கடந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். நிரல்கள் அப்படித் தனித்தனியாக நிற்பதில்லை. எங்கள் நிரல் ஒருவரின் நூலகத்தில் தங்கியிருக்கும், அது இன்னொன்றில். கடைசியில் நிற்கிறவர் கடக்காவிட்டால் முன்னால் நிற்கிறவர் யாரும் கடக்க முடியாது. கடந்தவர்களும் பழைய பக்கத்தில் நிற்கிற பாவனையாளரைக் கைவிட முடியாது. ஆகவே ஒரே ஃபைல் இரண்டிலும் ஓடவேண்டிய தேவை வந்தது. அதற்கென்றே சிக்ஸ் என்று ஒரு நூலகம் பிறந்தது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு!

2012இல் வந்த 3.3 பதிப்பில் பைத்தன்காரர்கள் ஒரு படி இறங்கினார்கள். தேவையில்லை என்று எடுத்துவிட்ட அந்த யூ எழுத்தைத் திரும்ப அனுமதித்தார்கள். புது மொழியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. பழைய ஃபைல் தடுக்கி விழாமல் இருக்க மட்டும்தான். பழைய 2.7 பதிப்பை 2015இல் கைவிடுவதாக இருந்தார்கள், 2014இல் அந்தத் தவணையை 2020 ஜனவரி 1க்குத் தள்ளினார்கள். ஒரு மொழி தன் பழைய உருவத்தை விட்டுக் கடக்கப் பதினொரு வருஷம். நானா கோர்ஸ் செய்தது அந்த நடுவில்.

மற்ற மொழிகள் என்ன செய்தன? பர்ல் மொழி 2000இல் ஆறாம் பதிப்பை முழுக்கப் புதிதாகச் செய்யப் புறப்பட்டது. முதல் உறுதியான வெளியீடு வர 2015 டிசம்பர் ஆகிவிட்டது. 2019இல் அதற்கு ராகு என்று பெயர் மாற்றி வேறு மொழியாகவே பிரித்துவிட்டார்கள். (கிரகத்தோடு தொடர்பில்லை.) பிஎச்பி மொழிக்காரர்களும் உள்ளே யுனிகோடைப் புகுத்த ஆறாம் பதிப்பில் முயன்று 2010இல் கைவிட்டார்கள். ஆறு என்ற இலக்கத்தையே விட்டுவிட்டு 2015இல் ஏழுக்குப் போனார்கள். அதனால் பழைய தளங்கள் பெரிய இடைஞ்சல் இல்லாமல் ஓடுகின்றன. அதனால்தான் பிஎச்பியின் சாதாரண நீளக் கட்டளை இன்றும் “உம்மா”வுக்கு 15 என்றே சொல்கிறது. பல பைட் எழுத்துக்கென்று தனியாக வேறொரு கட்டளையைத் தேடிப் பாவிக்கவேண்டும். அதைத் தேடத் தெரியாத பிள்ளையின் நிரல் தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டும். இங்கே விலையைக் கொடுப்பது புதிதாக வருகிறவர்.

ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி மேல். 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் செய்த முதல் உருவத்தில் இருந்த சில கோணல்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. வெறுமையைக் குறிக்கும் நல் என்பதன் வகை என்ன என்று கேட்டால் பொருள் என்று சொல்லும். பிழை என்று எல்லோருக்கும் தெரியும், திருத்தினால் எத்தனையோ பழைய பக்கங்கள் உடையும் என்பதால் விட்டுவிட்டார்கள். 2018இல் பட்டியலைத் தட்டையாக்க ஒரு புதுக் கட்டளைக்கு ஃப்ளாட்டன் என்று பெயர் வைக்கப் போனார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரில் ஒன்றை முன்பே வைத்திருந்தது. அதைப் பாவித்த பழைய தளம் சோதனையில் உடைந்ததும், பெயரை ஃப்ளாட் என்று சுருக்கினார்கள். எங்கள் ருவான்வெல்லை ரெஸ்ட் ஹவுஸைப் பாருங்கள், ஆங்கிலேயரின் பழைய கோட்டைக்குள் இருக்கிறது. உள்ளே என்ன புதுசாகச் செய்தாலும் கோட்டை வாசல் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான். இணையப் பக்கத்தை எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, திருத்தச் சொல்ல ஆளில்லை. ஆகவே அவர்கள் செய்வது சரி என்றே படுகிறது.

பைத்தனின் உடைப்பால் தமிழுக்கு என்ன கிடைத்தது? முத்தையா அண்ணாமலை எழில் என்ற தமிழ் நிரல்மொழியைப் பைத்தனின் மேல்தான் கட்டினார். பிரிண்டுக்கு அதில் பதிப்பி என்று பெயர். அவரும் நண்பர்களும் சேர்ந்து செய்த ஓப்பன் தமிழ் நூலகம் பல வருஷம் பைத்தன் 2, 3 இரண்டிலும் ஓடும்படி பராமரிக்கப்பட்டது. அதில் தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கிற ஒரு கட்டளை இருக்கிறது. அது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். புது பைத்தன் “உம்மா”வின் நீளத்தை 15 என்று சொல்வதில்லை, 5 என்று சொல்கிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேளுங்கள்: உ, ம், மா, மூன்று என்று சொல்லும். 15லிருந்து 5க்கு வர ஒரு மொழி தன்னையே உடைக்கவேண்டி இருந்தது. 5லிருந்து 3க்கு வர ஒன்றையும் உடைக்காமல் ஒரு நூலகத்தைச் சேர்த்தால் போதுமாக இருந்தது.

அதற்காக யுனிகோடில் எல்லாம் நேர் என்று நினைக்கவேண்டாம். அவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு, ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை எடுப்பதில்லை, பெயரை மாற்றுவதில்லை. எங்கள் ஆய்த எழுத்துக்கு அவர்கள் பட்டியலில் விசர்கம் என்று பெயர். பிழைதான், ஆனால் அப்படியே இருக்கும். 2005இல் ஶ என்ற எழுத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதுவரை ஸ்ரீ என்பதை ஸகரத்தைக் கொண்டு அடித்தோம். இப்போது ஶகரத்தைக் கொண்டும் அடிக்கலாம். இரண்டையும் இங்கே போடுகிறோம்: ஸ்ரீ, ஶ்ரீ. உங்கள் ஃபோனில் இரண்டும் ஒன்று போலவே தெரியக்கூடும். பைத்தனிடம் இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். நாட்டின் பெயரைத் தேடி “இல்லை” என்று விடை வந்தால் இதையும் ஒருமுறை பாருங்கள்.

பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்களைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும். அங்கே “உம்மா” என்பது உள்ளுக்குள் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். பழைய பைத்தன் அதை ஒரு முறைப்பாடும் இல்லாமல் 5 என்று எண்ணியிருக்கும்!

மாணவி நானாவின் ஃபைல்களை அழிக்கவில்லை. பக்கத்தில் புதுப் பிரதி ஒன்று எடுத்து, பிரிண்டுகளுக்கு அடைப்புக்குறி போட்டார். சராசரி நிரலில் ஒற்றைச் சரிவுக்கோடா, இரட்டையா, அதாவது 7.5ஆ, 7ஆ என்று எங்களைக் கேட்டார். எழுதியவரையே கேளுங்கள் என்றோம். நானா இப்போது கட்டாரில். அன்றிரவு வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். பதில் குரல் பதிவாக வந்ததாம்: “அந்த அரைப் புள்ளி எங்க போகுதுன்னு நானும் அப்ப ரெண்டு நாள் தேடினேன். சேர் கொம்பியூட்டர் சொல்றதுதான் சரின்னார். ஏழரைன்னே போடு.”